இடவப்பாதி ஈரத்தில் மரம் ஒட்டுவது: பசைத் தேர்வும் வெனீர் வேலையும்

மார்த்தாண்டத்திலோ களியக்காவிளையிலோ ஒரு ஹார்டுவேர் கடையில் போய், "அண்ணே, மரம் ஒட்டுற பசை ஒண்ணு" என்று கேட்டால் வெள்ளை டப்பா ஒன்று கைக்கு வந்துவிடும். கடைக்காரர் மேல் தப்பில்லை. வீட்டுக்குள் கிடக்கும் மேசை, அலமாரி வேலைக்கு அது போதும். வாசல் கதவின் சட்டம் மழையில் விட்டுப்போவதும், பலகை மேல் ஒட்டும் மெல்லிய மர இலையான வெனீர் கொப்புளிப்பதும், பழைய நாற்காலியின் கால் ஒட்டியும் ஆடுவதும் அந்த டப்பா எல்லாவற்றுக்கும் போதும் என்று நம்பும்போதுதான். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நனைக்கிற குமரி மாவட்டத்தில் பசையைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலை. மரத்தின் ஈரத்தைப் பார்ப்பது மீதிப் பாதி.

கடைக்குப் போகும் முன்

மூன்று கேள்விக்கு விடை வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய இடத்தில் தண்ணீர் படுமா? இணைப்பு இறுக்கமா, சந்து விட்டிருக்கிறதா? பிற்காலத்தில் யாராவது அதைக் கழற்ற வேண்டி வருமா?

தண்ணீரே படாது, இணைப்பு இறுக்கம், கழற்றவும் வேண்டாம் என்றால் சாதாரண வெள்ளைப் பசை. பாலிவினைல் அசிடேட் என்பது அதன் வேதிப்பெயர். 1959-ல் வந்த ஃபெவிகால் இந்த வகைதான். பசைக்கே ஊரில் அந்தப் பெயர் நின்றுவிட்டது. அதனால் வரும் குழப்பம், அதே பெயரில் பல வகை இருப்பதை வாங்குகிறவர் கவனிப்பதில்லை. எஸ்எச் என்று போட்டது பொது மரவேலைக்கு. மரைன் என்று போட்டது தண்ணீர் தாங்குவதற்கு. எஸ்ஆர் 998 வெள்ளைப் பசையே அல்ல. ரப்பர் கலந்த மஞ்சள் பசை, வேலை செய்யும் முறையே வேறு. டப்பாவின் நிறத்தைப் பார்க்காமல் எழுத்தைப் படியுங்கள்.

அடுக்களை அலமாரி, குளியலறை ஓரம், ஜன்னல், வெளிக்கதவு இவற்றுக்குத் தண்ணீர் தாங்கும் வெள்ளைப் பசை. ஐரோப்பியத் தர அளவில் டி1 முதல் டி4 வரை நான்கு படி உண்டு. சில டப்பாக்களில் அந்த எழுத்து அச்சாகியிருக்கும். அவ்வப்போது நனையும் இடத்துக்கு டி3. அடிக்கடி நனைவதற்கும், பெயின்டோ பாலிஷோ பூசி வெளியில் வைப்பதற்கும் டி4. ஆனால் டி4 கூடத் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்க அல்ல. கிணற்றுமேடையில் போடும் பலகைக்கு எந்த வெள்ளைப் பசையையும் நம்பாதீர்கள்.

சந்து விட்ட இணைப்புக்கு எபாக்ஸி. அரால்டைட் போல இரண்டு குழாயில் வருவது. வெள்ளைப் பசை காயும்போது அதிலுள்ள தண்ணீர் போய்ச் சுருங்கும். ஒரு தாள் கனத்துக்கு மேல் சந்து இருந்தால் நடுவில் வெறும் தோல்தான் மிஞ்சும். எபாக்ஸி சுருங்காமல் இறுகுவதால் சந்தையும் அடைக்கும். விலை அதிகம் என்பதால் மேசை முழுக்க அதில் ஒட்டுவது வீண் செலவு. ஆடுகிற கழுந்து (துளைக்குள் இறங்கும் மர முனை), கதவின் அடிச்சட்டம், ஊஞ்சல் பலகையில் இரும்பு போகும் துளை இப்படிப்பட்ட இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்ஸி அவசரத்துக்குத்தான். ஈரத்தையும் சூட்டையும் தாங்குவதில் ஓர் இரவு எடுக்கும் வகைக்கு அது ஈடாகாது.

பின்னால் கழற்ற வேண்டும் என்றால் பழைய வச்சிரம்தான். மாட்டுத்தோல், எலும்பு காய்ச்சிய பசை. சூடும் ஈரமும் காட்டினால் இளகும், மேலே புதிதாகப் பூசினால் பழையதோடு கலந்து பிடிக்கும். ஈட்டிமரத்துப் பழைய நாற்காலியைப் பழுது பார்க்கிறவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. தண்ணீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து 60 டிகிரி அளவில் சூடாக்க வேண்டும். நேராக அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டால் வலு போய்விடும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், அடைமழையில் தானே இளகவும் செய்யும் என்பதால் புது வேலைக்கு இங்கே யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டோம்.

பாலியூரித்தேன் பசை என்று ஒன்று உண்டு. நுரைத்துப் பொங்கும். பொங்கியது சந்தை நிரப்பிவிட்டது என்று தோன்றும்; அந்த நுரைக்கு வலு கிடையாது. தண்ணீரைத் தாங்கும் என்பது உண்மை, ஆனால் இறுக்கிப் பிடித்த இணைப்பில் மட்டும்.

மரத்தின் ஈரம்

மரம் காற்றிலுள்ள ஈரத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். ஜூனில் இடவப்பாதி பிடித்ததும் திறந்த கொட்டகையில் கிடக்கும் பலகையின் ஈரம் 16, 17 சதவீதம் வரை போகும். அதே பலகை ஏசி அறைக்குள் போனால் 9, 10-க்கு இறங்கும். 60 செ.மீ. அகல மேசைப் பலகை அப்போது 4 முதல் 7 மி.மீ. வரை குறுகும், அதிகம் அசையாத மரம் என்று பெயரெடுத்த தேக்குக்கே இந்தக் கணக்கு. எந்தப் பசையாலும் அந்த அசைவை நிறுத்த முடியாது. பசை தோற்றது என்று சொல்லப்படும் பல இடங்களில் தோற்றது மரத்தைக் காயவைத்த விதம்தான்.

ஒட்டுவதற்கு மரம் 12 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. ஒட்டும் இரண்டு துண்டுக்கும் இடையே 2 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். ஈரமானி இருந்தால் பலகையின் நடுவில் குத்திப் பாருங்கள், முனையில் குத்தாதீர்கள். முனை முந்திக் காய்ந்திருக்கும். ஈரமானி இல்லையா? பலகையின் நடுவிலிருந்து ஒரு துண்டு வெட்டி, சமையலறைத் தராசில் எடை போட்டு, 100 டிகிரிக்குச் சற்று மேல் ஓவனில் எடை குறைவது நிற்கும் வரை காயவையுங்கள். 100 கிராம் துண்டு 86 கிராமில் நின்றால் போனது 14. அதை 86-ஆல் வகுத்தால் 16 சதவீதத்துக்கு மேல். அந்தப் பலகை இன்னும் காத்திருக்கட்டும்.

மரத்துக்கு மரம் குணம் வேறு. தேக்கில் எண்ணெய் உண்டு. இழைத்த சில மணி நேரத்துக்குள் ஒட்ட வேண்டும், ஒட்டுவதற்குச் சற்று முன் தின்னரோ அசிட்டோனோ தொட்ட துணியால் ஒரு துடை துடைத்து உலரவிட வேண்டும். ஈட்டிக்கும் அப்படியே. மலையாளத்தில் ஆஞ்சிலி என்கிற அயினியும் பலாவும் மகாகனியும் வெள்ளைப் பசையில் தொந்தரவு இல்லாமல் பிடிக்கும். ரப்பர் மரம் பசைக்கு இதமானது, ஆனால் மருந்து ஏற்றாத ரப்பர் பலகையில் பூஞ்சையும் வண்டும் வரும்; மருந்தேற்றிக் காயவைத்ததுதானா என்று கேட்டு வாங்குங்கள்.

சந்தேகம் இருந்தால் இழைத்த பரப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிடத்தில் உறிஞ்சினால் பசையும் இறங்கும். முத்துப் போல உருண்டு நின்றால் பரப்பு எண்ணெயாகவோ, மழுங்கிய கத்தியில் இழைபட்டுப் பளபளத்தோ இருக்கிறது. கத்தியைத் தீட்டி இன்னொரு சீவல் சீவுங்கள். இழைப்புளி, மலையாளக் கரை ஆசாரி சொல்லும் சிந்தேர், நன்றாகத் தீட்டியிருந்தால் அது விட்டுச்செல்லும் பரப்பைவிட ஒட்டுவதற்கு நல்ல பரப்பு இல்லை. பிடிப்பு வரட்டும் என்று ரம்பத்தால் கீறிவிடுகிற பழக்கம் உண்டு. கீறினால் இரண்டு பரப்பும் ஒன்றோடொன்று படாமல் சந்துதான் கூடும்.

இணைப்பை ஒட்டும் படிகள்

1. பசை இல்லாமல் முதலில் சேர்த்துப் பாருங்கள். கழுந்து துளைக்குள் கையால் தள்ளினால் பாதி, கொட்டாப்புளியால் மெல்லத் தட்டினால் முழுக்க இறங்க வேண்டும். ஓங்கி அடித்தால்தான் போகும் என்றால் பசை ஊறி உப்பியதும் பாதியில் சிக்கும்; தானே விழுந்தால் அது எபாக்ஸி வேலை. இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புகளையும் மாட்டி மூலைமட்டம் பார்த்து, பிறகு கழற்றி, எடுத்த வரிசையிலேயே தரையில் வையுங்கள்.

2. பசை எவ்வளவு? சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம், அதாவது ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய 14 முதல் 19 கிராம். முதல் தடவை தராசில் எடுத்துப் பாருங்கள், பிறகு கை பழகிவிடும். பசை வழியே மர இழை மங்கலாகத் தெரிய வேண்டும். குறைவாகப் பூசிய இணைப்பில் எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை.

3. கழுந்தின் இரு கன்னத்திலும் துளையின் உள்சுவரிலும் பூசுங்கள். துளையின் அடியில் ஊற்றிவைத்தால் கழுந்து பிஸ்டன் போல அழுத்தி மரத்தைப் பிளந்துவிடும்.

4. மரத்தின் வெட்டுமுகம், அதாவது இழை முடியும் முனை, பசையை உறிஞ்சும். அங்கே பசையில் சம அளவு தண்ணீர் கலந்து ஒரு கை பூசி, பத்து நிமிடம் விட்டு, கலக்காத பசையை மேலே பூசுங்கள். மற்ற எங்கும் தண்ணீர் கலக்காதீர்கள்.

5. பூசியதிலிருந்து இறுக்குவது வரை நேரம் குறைவு. பங்குனி, சித்திரை வெயிலில் ஐந்து நிமிடத்தில் மேலே ஆடை கட்டும். பெரிய சட்டமாக இருந்தால் இரண்டு பாதியாகப் பிரித்து ஒட்டுங்கள்; ஒரே மூச்சில் எட்டு இணைப்பு ஒட்ட நினைத்தால் கடைசி இரண்டு தோல் கட்டிய பசையில்தான் சேரும்.

6. கிளாம்புகள் எவ்வளவு தூரத்தில்? அழுத்தம் கிளாம்பிலிருந்து இருபக்கமும் சாய்வாக விரியும். 10 செ.மீ. அகலப் பலகை என்றால் 20 செ.மீ.க்கு ஒன்று. கிளாம்புக்கும் பலகைக்கும் நடுவே 5 செ.மீ. தடிச் சட்டம் கொடுத்தால் 30 செ.மீ.க்கு ஒன்று போதும். கிளாம்பு குறைவாக இருப்பவருக்கு இந்தத் தடிச் சட்டமே கைகொடுக்கும்.

7. ஒட்டுக்கோடு நெடுக கடுகு வரிசை போலப் பசை பிதுங்கினால் சரி. ஓரிடத்தில் பிதுங்கவே இல்லை என்றால் அங்கே பசை போதவில்லை.

8. பிதுங்கியதை ஈரத்துணியால் உடனே தேய்த்தால் நீர்த்த பசை மரத்தின் துவாரங்களில் புகுந்துவிடும். பாலிஷ் ஏற்றும்போது அங்கே வெளிறிய திட்டு தெரியும். இருபது, முப்பது நிமிடம் கழித்து ரப்பர் பதத்தில் இருக்கும்போது உளியால் சுரண்டினால் சுருளாக வரும்.

9. நல்ல வெயில் நாளில் குறைந்தது ஒரு மணி நேரம், முடிந்தால் நாலைந்து மணி நேரம் கிளாம்பில் இருக்கட்டும். மழை நாளில் அதை இரட்டிப்பாக்குங்கள். பாரம் ஏற்ற ஒரு முழு நாள்.

இரும்புக் கிளாம்பும் ஈரப் பசையும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்தால் கருநீலக் கறை விழும். தேக்கிலும் பலாவிலும் நன்றாகத் தெரியும். கிளாம்பின் அடியில் ஒரு பிளாஸ்டிக் துண்டு வைத்தால் போதும்.

எபாக்ஸியில் கை வேறு. வெள்ளைப் பசையை இறுக்குவது போல இறுக்கினால் எல்லாம் வெளியே வழிந்து, ஒட்ட ஒன்றும் இருக்காது. அசையாமல் பிடிக்கும் அளவுக்கு மட்டும். டப்பாவில் சொன்ன அளவை அப்படியே கலக்க வேண்டும்; கடினமாக்கியைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்பது தவறு, கூடினாலும் குறைந்தாலும் பிசுபிசுப்பாகவே நிற்கும். கையுறை போடுங்கள்.

வெனீர்

கடையில் இரண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்று, 3 அல்லது 4 மி.மீ. பிளைவுட்டில் ஏற்கெனவே ஒட்டி வரும் 8-க்கு 4 அடித் தாள். இன்னொன்று அரை மி.மீ. கனமுள்ள வெறும் இலை. முதலாவது புதியவருக்கு ஏற்றது. இரண்டாவதில்தான் பசையின் குணம் எல்லாம் வெளிப்படும்.

அடிப்பலகைக்குக் கேரளத்துப் பெரும்பாவூர்ப் பக்கமிருந்து வரும் பிளைவுட்டே இங்கே அதிகம். அறைக்குள் இருக்கும் வேலைக்கு ஐஎஸ் 303 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள எம்ஆர் (ஈரம் தாங்கும்) வகை. அடுக்களைக்கும் ஈரச்சுவருக்கும் ஐஎஸ் 710 முத்திரையுள்ள பிடபிள்யூபி (கொதிநீரும் தாங்கும்) வகை. மேலே எவ்வளவு நல்ல பசை போட்டாலும் அடியில் மட்டமான பிளை அடுக்கு விட்டால் கொப்புளம் வரும், பழி பசை மேல் விழும்.

ரப்பர் பசையை வெறும் இலைக்குப் போடாதீர்கள். மைக்காவுக்கு அது பொருந்தும்: இரண்டு பக்கமும் பூசி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும் வரை காயவிட்டு, வைத்து உருட்டினால் அப்போதே பிடிக்கும், கிளாம்பு வேண்டாம். அந்த வசதிதான் பலரை வெனீரிலும் அதைப் போட வைக்கிறது. ரப்பர் பசை கடைசி வரை கொஞ்சம் நெகிழ்வாகவே இருக்கும். மழைக்கு வெனீர் விரியும்போது பசையும் கூடவே நகர்ந்து வரப்பு வரப்பாக மேடு தட்டும். மெலமைன் பாலிஷில் உள்ள தின்னர் அரை மி.மீ. இலையைத் தாண்டி இறங்கிப் பசையைக் கரைக்கவும் செய்யும். பாலிஷ் போட்ட மறுநாள் கொப்புளம் எழுந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். தவிர, இந்தப் பசையின் ஆவி தீப்பிடிக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பீடியும் அடுப்பும் பக்கத்தில் வேண்டாம்.

ஆகவே வெள்ளைப் பசை, அழுத்தத்தோடு. இலை வளைந்து நெளிந்திருந்தால் இலேசாகத் தண்ணீர் தெளித்து, செய்தித்தாள் அடுக்குகளுக்கு நடுவே பலகை பாரத்தில் வையுங்கள். சில மணிக்கு ஒரு தரம் தாளை மாற்றினால் ஓரிரு நாளில் படியும். நன்றாக உலர்ந்த பிறகே ஒட்ட வேண்டும். இரண்டு இலை சேரும் கோட்டில் முகப்புப் பக்கம் தண்ணீர் தொட்டு ஒட்டும் காகித டேப் போடுங்கள். மாஸ்கிங் டேப் உரிக்கும்போது நாரையும் பிய்த்துக்கொண்டு வரும்.

பசையைப் பலகையில் மட்டும் பூசுங்கள், இலையில் வேண்டாம். இலை ஈரம் குடித்ததும் சுருண்டுகொள்ளும். சதுர மீட்டருக்கு 120 முதல் 150 கிராம். ஒரு முழுத் தாளின் ஒரு பக்கத்துக்கு 350 முதல் 450 கிராம் ஆகும். சின்ன ரோலரால் சீராக இழுங்கள். கனமாகப் போனால் துவாரங்கள் வழியே முகப்புக்கு வந்து கறையாகும், மெலிந்தால் அங்கேதான் கொப்புளம்.

அடுத்தது பாரம். மேலே பத்துச் செங்கல் அடுக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ஒரு சதுர அடி என்பது சுமார் 930 சதுர செ.மீ. வெனீருக்குச் சதுர செ.மீ.க்கு அரைக் கிலோவாவது வேண்டும். ஒரு சதுர அடிக்கே 450 கிலோவுக்கு மேல் வருகிறது. செங்கல் பத்தும் சேர்ந்து முப்பது கிலோ. ஒரு நல்ல ஜி கிளாம்ப் சில நூறு கிலோ கொடுக்கும். வெனீர் மேல் பிளாஸ்டிக் தாள், அதன் மேல் 18 மி.மீ. பிளைவுட் இரண்டு, அதற்கு மேல் குறுக்குச் சட்டங்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தின் அடிப்பக்கமும் நடுவில் 2 மி.மீ. புடைத்து, முனைகளை நோக்கி மெல்லச் சரியும்படி இழைத்திருக்க வேண்டும். முனைகளைக் கிளாம்பால் இறுக்கும்போது நடு முதலில் அழுந்தும், பசையும் காற்றும் ஓரத்துக்குத் தள்ளப்படும். நேர்ச் சட்டம் போட்டால் ஓரம் பிடித்து நடு கொப்புளிக்கும். நடுச் சட்டத்தை முதலில் இறுக்கி, பிறகு இரு பக்கமும் போங்கள்.

எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் விடுங்கள். அடைமழை நாளில் ஒரு முழு நாள். எடுத்ததும் பாலிஷுக்கு ஓடாதீர்கள். பசையின் தண்ணீர் இன்னும் பலகைக்குள்ளேதான் இருக்கிறது. இரு முகத்துக்கும் காற்று படும்படி பலகையைச் செங்குத்தாக இரண்டு மூன்று நாள் நிறுத்தி வையுங்கள். அப்புறம் 180 நம்பர் உப்புத்தாள், கையால், இழை ஓடும் திசையில், முடிவில் 240. அரை மி.மீ.க்கு மேல் தேய்க்க அங்கே ஒன்றுமில்லை.

ஒரு பக்கம் வெனீர் ஒட்டிய பலகையின் மறுபக்கமும் ஏதாவது ஒட்டியே ஆக வேண்டும். விலை குறைந்த வெனீர் ஆனாலும் சரி, அதே கனம், அதே பசை, கூடுமானவரை ஒரே நேரத்தில். இல்லாவிட்டால் பசை காய்ந்து சுருங்கும் பக்கம் பலகை குழியும். அலமாரிக் கதவு முறுக்கிக்கொண்டு மூடாமல் நிற்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

ஓரப் பட்டைக்கு வேறு எளிய வழி உண்டு. வெள்ளைப் பசை சூட்டில் இளகும். பலகை ஓரத்திலும் பட்டையிலும் பூசி, இரண்டும் கண்ணாடி போலத் தெளிந்து காய்ந்ததும் சேர்த்து வைத்து, மேலே ஒரு காகிதம் போட்டு இஸ்திரிப்பெட்டியால் அழுத்துங்கள். பின்னாலேயே ஒரு மரக்கட்டையால் சூடு ஆறும் வரை தேய்த்துக்கொண்டு வாருங்கள். இதே குணம்தான், மேற்கு வெயில் நேராக விழும் கதவில் சாதாரண வெள்ளைப் பசையை நம்ப முடியாததற்கும் காரணம்.

கெட்டுப்போனதைச் சரிசெய்ய

கொப்புளத்தை விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள். வெற்றொலி கேட்கும் இடம்தான் எல்லை. முதலில் காகிதத்தின் மேல் இஸ்திரிப்பெட்டியை வைத்து, ஆறும் வரை கட்டையால் அழுத்திப் பாருங்கள்; உள்ளே பசை இருந்தால் அதுவே பிடிக்கும். பிடிக்காவிட்டால் கூரான பிளேடால் இழை ஓடும் திசையில் ஒரு கீறல், ஊசிக் குழாயால் உள்ளே பசை, மேலே பிளாஸ்டிக்கும் கட்டையும், கிளாம்பு. இழைக்குக் குறுக்கே கீறினால் தழும்பு மறையாது.

ஆடுகிற நாற்காலியில் பழைய பசைக்கு மேலேயே புதிது ஊற்றுவதால் பயனில்லை. காய்ந்த வெள்ளைப் பசையில் புது வெள்ளைப் பசை பிடிக்காது. வெதுவெதுப்பான வினிகர் தொட்டு ஊறவிட்டால் பழையது இளகும். வெறும் மரம் தெரியும் வரை சுரண்டி, கழுந்து மெலிந்திருந்தால் இரு கன்னத்திலும் மெல்லிய சீவல் ஒட்டிப் பருமனாக்கி, மறுபடி பொருத்துங்கள். அதற்குப் பொறுமை இல்லையென்றால் எபாக்ஸி.

பிரிந்த இணைப்பைப் பார்த்தே காரணம் சொல்லலாம். இருபுறமும் மர நார் பிய்ந்து வந்திருந்தால் பசை நல்லது, பாரம் மிஞ்சிவிட்டது. ஒருபுறம் பசை முழுதும் வழவழப்பாக நின்று மறுபுறம் வெறும் மரம் என்றால் எண்ணெய்ப் பரப்பு, அல்லது ஆடை கட்டிய பிறகு சேர்த்தது. பசை வெண்சுண்ணாம்பு போலப் பொடிந்தால் குளிரில் ஒட்டியது. பேச்சிப்பாறைக்கு மேலே மலையில் மார்கழி அதிகாலையில் தவிர இங்கே அது அரிது. தொட்டால் பசையே பிசுக்கென்று இழுபட்டால் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. பசையை மாற்றும் முன் தண்ணீர் வரும் வழியைத் தேடுங்கள்.

வாங்கும்போது டப்பாவில் தயாரித்த மாதத்தைப் பாருங்கள். ஓராண்டுக்கு மேல் ஆனதும், கிளறினால் கட்டி கட்டியாக நூலிழுப்பதும், புளித்து நாறுவதும் வேண்டாம். மாதம் ஒரு வேலை செய்கிறவருக்கு ஐந்து கிலோ வாளி லாபமில்லை. ஒரு கிலோ வாங்கி, தேவையானதைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு மூடிவிடுங்கள். மிஞ்சியதைத் திரும்ப டப்பாவில் ஊற்றாதீர்கள்.